கொடையா, கடனா? சால்ட் லேக் சொல்லும் கணக்கு

கொல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் உள்ள சால்ட் லேக் ஐந்தாம் பிரிவிலிருந்து, ஹூக்ளி நதியின் அடியில் புகுந்து, மறுகரையில் உள்ள ஹௌரா மைதானம் வரை செல்லும் மெட்ரோ ரயில் பாதை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி முழுமை பெற்றது. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, ஜூலை 1-ஆம் தேதி, உலகின் மிகப் பெரிய உதவி நிறுவனமாக விளங்கிய அமெரிக்க சர்வதேச வளர்ச்சி முகமை (யு.எஸ்.எய்ட்) தனது பணிகளை முறைப்படி நிறுத்திக்கொண்டது. ஒன்று வெளிநாட்டுக் கடனால் உருவான திட்டம். மற்றொன்று வெளிநாடுகளுக்குக் கொடை வழங்கிவந்த நிறுவனம். கடன் தொடர்கிறது, கொடை நிற்கிறது என்பதே இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போது புலப்படும் உண்மை.

ஏழை நாடுகளுக்கு வழங்கப்படும் வளர்ச்சி உதவி பற்றிய விவாதம் பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. எத்தனை கோடி டாலர் என்று கேட்பவர்கள், அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது, எந்த நிபந்தனையில் வருகிறது, இறுதியில் அதைத் திருப்பிச் செலுத்துபவர் யார் என்று கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை தேட சால்ட் லேக்கைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது. அந்த நகரம் உருவாகவும், அதைச் சுற்றியுள்ள பெருநகரம் மூச்சு விடவும் வெளிநாட்டுப் பணமும் தொழில்நுட்பமும் பல வடிவங்களில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் விலையும் வேறு வேறு.

ஒப்பந்தமாக வந்த மண்: தேசப் பிரிவினைக்குப் பிறகு அகதிகளால் நிரம்பி வழிந்த கொல்கத்தாவுக்குப் புதிய குடியிருப்பு நிலம் தேவைப்பட்டது. கிழக்கே இருந்த உப்பு ஏரிச் சதுப்பு நிலத்தை மேடாக்கி நகரம் அமைப்பது அன்றைய முதல்வர் பிதான் சந்திர ராயின் திட்டம். உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஹூக்ளி நதியின் படுகையில் தூர்வாரிய வண்டல், நீருடன் கலந்து குழாய்கள் வழியே பல கிலோமீட்டர் தொலைவு கொண்டுவரப்பட்டுச் சதுப்பில் கொட்டப்பட்டது. 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய பணி அந்தப் பதிற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. நகரின் வரைபடத்தைத் தயாரித்தவரும் யுகோஸ்லாவிய வல்லுநரான தோப்ரிவோயே தோஷ்கோவிச் தான். பணி தொடங்கிய சில வாரங்களிலேயே, 1962 ஜூலை 1-ஆம் தேதி, பிதான் சந்திர ராய் மறைந்தார். அவர் பெயராலேயே அந்த நகரம் பிதான்நகர் என்று அழைக்கப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இது கொடை அல்ல என்பதுதான். கூலி கொடுத்து வாங்கிய வேலை. வேலை முடிந்தது, கணக்கு தீர்ந்தது. மண்ணை நிரப்பிக் கொடுத்த யுகோஸ்லாவியா என்ற நாடே இன்று உலக வரைபடத்தில் இல்லை. ஆனால், அந்த மண்ணின் மீது எழுந்த நகரம் நிற்கிறது. ஏழை நாடு ஒன்று தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்து, போட்டி விலையில் வெளிநாட்டுத் திறனை வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு சால்ட் லேக் சான்று.

அந்தக் கணக்கிலும் ஒரு பற்று எழுதப்படாமல் விடப்பட்டது. சதுப்பில் மீன் வளர்த்து வாழ்ந்தவர்களின் வாழ்வாதாரம் மண்ணுக்கு அடியில் போனது. எஞ்சிய நீர்நிலைகள்தான் இன்றைய கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி 2002-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கொல்கத்தாவின் கழிவுநீரை வெயிலும் பாசியும் மீனும் கொண்டு தூய்மைப்படுத்தி, நகரத்துக்கு மீனும் காய்கறியும் அளித்துவரும் இந்த ஏற்பாட்டுக்கு எந்த நாடும் உதவி வழங்கவில்லை. மாறாக, நகரத்துக்கு இந்த ஏழை மீனவர்களும் விவசாயிகளும் வழங்கிவரும் உதவி என்றே இதைச் சொல்ல வேண்டும். எந்த உதவிப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை.

கொடையாக வந்த பணம்: அதே காலகட்டத்தில் கொல்கத்தாவின் நிலைமை உலகின் கவனத்தை ஈர்த்தது. காலரா பரவலைத் தொடர்ந்து 1959-இல் உலக சுகாதார அமைப்பின் குழு குடிநீர், வடிகால் நிலைமையை ஆராய்ந்தது. 1961-இல் கொல்கத்தா பெருநகரத் திட்ட அமைப்பு உருவாக்கப்பட்டது. அதற்கு வெளிநாட்டு வல்லுநர்களை அனுப்பி உதவியது அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை. மோட்டார் வாகனத் தொழிலில் சேர்ந்த செல்வம், வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை வழியே கொல்கத்தாவின் வடிகால் வரைபடத்துக்கு வந்து சேர்ந்தது. 1966-இல் வெளியான அடிப்படை வளர்ச்சித் திட்டம் அதன் பயன். அறிவுரை இலவசமாகக் கிடைத்தது. குழாய் பதிக்கப் பணம் அதனுடன் வரவில்லை.

பின்னாளில் பிரிட்டன் அரசு கொல்கத்தாவின் குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கு மானியம் வழங்கியது. 2000-களில், பெருநகரப் பகுதியின் சுமார் 40 நகராட்சிகளில் நகர்ப்புற ஏழைகளுக்கான சேவைத் திட்டத்தை பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறை மேற்கொண்டது. அதற்காக ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 10 கோடி பவுண்டு. அத்திட்டத்தின் நிர்வாக அலுவலகம் இயங்கியதும் சால்ட் லேக்கில்தான். பிரிட்டிஷ் குடிமகன் செலுத்திய வரியில் ஒரு சிறு பகுதி, குடிசைப் பகுதிகளின் தெருவிளக்காகவும் கழிப்பிடமாகவும் மாறியது. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் அது.

ஆனால், திருப்பிச் செலுத்த வேண்டாத பணத்துக்கு உறுதியும் இல்லை. இந்தியா விண்வெளிக்குக் கலம் அனுப்புகிறதே, அதற்கு நாம் ஏன் உதவ வேண்டும் என்ற குரல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் வலுத்தது. 2012 நவம்பரில், இந்தியாவுக்கான புதிய மானியங்களை நிறுத்துவதாகவும், நடப்புத் திட்டங்கள் 2015-க்குள் முடிவடையும் என்றும் பிரிட்டன் அறிவித்தது. 2020-இல் அந்தத் துறையே வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று சட்டமியற்றி வைத்திருந்த உதவித் தொகையை 2021-இல் 0.5 சதவீதமாகக் குறைத்த பிரிட்டன், 2027-க்குள் அதை 0.3 சதவீதமாக்கி, மிச்சத்தைப் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்பப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்திருக்கிறது. இந்தியா இதைத் தாங்கிக்கொண்டது. தாங்கிக்கொள்ள முடியாத நாடுகள் ஆப்பிரிக்காவில் பல உள்ளன.

மென்கடனாக வந்த பணம்: குழாய் பதிக்கவும் வடிகால் அமைக்கவும் பெரும் தொகை தந்தது உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம். 1960-இல் தொடங்கப்பட்ட இந்தச் சங்கம், சாதாரண வட்டி கொடுக்க இயலாத ஏழை நாடுகளுக்கென்றே அமைக்கப்பட்டது. கொல்கத்தா நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்துக்கு 1973-இல் 3.5 கோடி டாலர், 1978-இல் 8.7 கோடி டாலர், 1983-இல் 14.7 கோடி டாலர் என மூன்று கட்டங்களாக இச்சங்கம் கடன் வழங்கியது. தமிழகமும் இதே வழியில் பயன்பெற்ற மாநிலம்தான். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு இச்சங்கத்தின் 3.2 கோடி டாலர் கடன்தான் அடித்தளம்.

அன்றைய நிபந்தனைகள் இன்று கேட்டால் வியப்பளிக்கும். வட்டி கிடையாது, ஆண்டுக்கு 0.75 சதவீதச் சேவைக் கட்டணம் மட்டுமே. முதல் 10 ஆண்டுகளுக்கு அசல் செலுத்த வேண்டாம். மொத்தத் தவணைக் காலம் 50 ஆண்டுகள். 1973-இல் பெற்ற கடனின் கடைசித் தவணை 2023-இல்தான் வரும். ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்கான அவகாசம்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? உலக வங்கியின் மூல நிறுவனம் தனது உறுப்பு நாடுகளின் உத்தரவாதத்தைக் காட்டி, உலகச் சந்தையில் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டுகிறது; சிறிது லாபம் வைத்துக் கடன் கொடுக்கிறது. வளர்ச்சிச் சங்கம் அப்படி அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பணக்கார நாடுகள் கூடி, தத்தம் நாடாளுமன்றங்களின் ஒப்புதலுடன் அதன் நிதியை நிரப்ப வேண்டும். ஏழை நாடுகள் முன்பு வாங்கிய கடனுக்குச் செலுத்தும் தவணைகளும் அதே பானையில் விழுந்து, மற்றோர் ஏழை நாட்டுக்குக் கடனாகப் போகின்றன. 2024 டிசம்பரில் சியோலில் நடைபெற்ற கூட்டத்தில் 10,000 கோடி டாலருக்குத் திட்டமிடப்பட்டது. ஆனால், அதில் நாடுகள் நேரடியாகத் தருவதாக ஒப்புக்கொண்டது 2,370 கோடி டாலர் மட்டுமே. பெரும்பகுதி, சந்தையில் திரட்டும் பணமும் பழைய கடன்காரர்கள் செலுத்தும் தவணையும்தான். அதாவது, ஏழைகளுக்கு உதவும் நிதியில் ஏழைகள் செலுத்திய பணமும் கலந்திருக்கிறது. இந்தியா 2014-இல் இச்சங்கத்தின் கடன் பெறும் பட்டியலிலிருந்து விடைபெற்றது; இன்று அதற்கு நிதி வழங்கும் நாடுகளில் ஒன்று.

தில்லியில் மாறிய விலை: வாஷிங்டனிலிருந்து வந்த மென்கடன், தில்லியைக் கடந்து மாநிலங்களை அடையும்போது மென்மையாக இருந்ததா? 2005 வரை இருந்த நடைமுறைப்படி, வெளிநாட்டு உதவி மத்திய அரசின் கணக்கில் சேரும். அதை மத்திய அரசு சாதாரண மாநிலங்களுக்கு 70 சதவீதம் கடன், 30 சதவீதம் மானியம் என்ற விகிதத்தில் வழங்கும். அந்தக் கடனுக்கான வட்டி, உலக வங்கியின் 0.75 சதவீதம் அல்ல; மத்திய அரசு நிர்ணயிக்கும் வட்டி. 1990-களில் அது 12 சதவீதத்தையும் தாண்டியது. தவணைக் காலமும் 50 ஆண்டுகள் அல்ல. அதில் பாதிகூட இல்லை.

மத்திய அரசின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அன்னியச் செலாவணி மதிப்பு ஏறினால் அந்தச் சுமையை மாநிலம் அல்ல, தில்லியே ஏற்றது. 1973-இல் ஒரு டாலர் 8 ரூபாய்க்கும் குறைவு. 2023-இல் 82 ரூபாய் அளவில் இருந்தது. வட்டியில்லாக் கடன் என்று வாங்கியதன் அசல், ரூபாய்க் கணக்கில் பத்து மடங்குக்கும் மேல் பெருத்தது. இந்த அபாயத்துக்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும். ஆனால், அந்த விலை எவ்வளவு என்று கணக்கிட்டு மக்கள் முன் வைக்கப்படவில்லை என்பதே குறை.

பன்னிரண்டாவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நிலைமை மாறியது. வெளிநாட்டு நிறுவனம் என்ன நிபந்தனையில் தருகிறதோ, அதே நிபந்தனையில் மாநிலத்துக்குக் கடன் செல்கிறது. வட்டிச் சலுகை முழுமையாக மாநிலத்துக்குக் கிடைக்கிறது. செலாவணி அபாயமும் முழுமையாக மாநிலத்தின் தலையில் இறங்கியிருக்கிறது. டாலரிலும் யென்னிலும் கடன் வாங்கும் மாநிலங்கள், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்ன விலை கொடுக்கும் என்பது இன்றைய நிதிநிலை அறிக்கையில் தெரியாது. நமது சட்டப்பேரவைகளில் இது பற்றி விவாதம் நடப்பதும் அரிது.

நதிக்கு அடியில் யென்: சால்ட் லேக் மெட்ரோ இதே கேள்வியின் இன்றைய வடிவம். இத்திட்டத்துக்கான ஜப்பான் கடனின் முதல் ஒப்பந்தம் 2008 மார்ச்சில் கையெழுத்தானது. 2009-இல் பணிகள் தொடங்கின. தொடக்க மதிப்பீடு சுமார் 4,875 கோடி ரூபாய். அதில் ஜப்பான் கடன் சுமார் 2,253 கோடி. மேற்கு வங்க அரசும் மத்திய அரசும் சம பங்குதாரர்களாகத் தொடங்கிய நிறுவனத்திலிருந்து மாநில அரசு பின்னர் விலகிக்கொள்ள, ரயில்வே அமைச்சகம் முதன்மைப் பங்கை ஏற்றது. பாதையின் தடம் மாற்றப்பட்டது. 2019 ஆகஸ்டில் பௌபஜார் பகுதியில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் பீறிட்டு, வீடுகள் விரிசல் கண்டு சரிந்தன, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சால்ட் லேக்குக்கு உள்ளேயே அமைந்த முதல் பகுதி 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நதியைக் கடக்கும் பகுதி 2024 மார்ச்சில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்திய மதிப்பீடு 8,575 கோடி ரூபாய். அதில் ஜப்பான் கடன் 4,158 கோடியாக உயர்ந்திருந்தது. 16.6 கிலோமீட்டர் பாதைக்கு ஏற்பட்ட இந்தக் கூடுதல் செலவில் ஜப்பானுக்கு எந்தப் பங்கும் இல்லை. கடன் கொடுத்தவர் கூடுதலாகக் கடன் கொடுத்தார், அவ்வளவுதான். தாமதத்தின் விலையும், சரிந்த வீடுகளுக்கான இழப்பீடும் இந்திய வரி செலுத்துவோரையே சேர்ந்தன.

இதை ஜப்பான் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. சந்தையில் கிடைக்காத குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் அக்கடனில் உண்டு. இந்தக் கடன்களின் வேரைத் தேடினால், ஜப்பானியக் குடும்பங்களின் அஞ்சலகச் சேமிப்பு வரை செல்ல நேரும். பல பதிற்றாண்டுகள் அந்தச் சேமிப்பே அந்நாட்டு அரசின் முதலீட்டு நிதிக்கு ஊற்றாக இருந்தது. 2001-இல் நடந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பத்திரங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. சேமித்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதால்தான் ஜப்பானின் உதவி பெரும்பாலும் கடனாகவே இருக்கிறது. கொடுப்பவரின் பணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே, பெறுபவருக்குக் கிடைப்பது கொடையா, கடனா என்பதைத் தீர்மானிக்கிறது.

0.7 சதவீதம் என்ற கானல்நீர்: பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றியது 1970 அக்டோபரில். அரை நூற்றாண்டைக் கடந்த பிறகும், 2024-இல் அந்த இலக்கைத் தொட்டவை டென்மார்க், லக்ஸம்பர்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே. அந்த ஆண்டு உதவி வழங்கும் நாடுகள் அனைத்தும் சேர்ந்து தந்தது சுமார் 21,200 கோடி டாலர், அதாவது, 0.33 சதவீதம். முந்தைய ஆண்டைவிட 7 சதவீதம் குறைவு. 2025-இல் மேலும் 9 முதல் 17 சதவீதம் வரை குறையக்கூடும் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு மதிப்பிட்டது.

இந்தத் தொகையிலும் முழுவதும் ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. தங்கள் நாட்டுக்கு வரும் அகதிகளுக்கு முதலாண்டில் செய்யும் செலவையும் பணக்கார நாடுகள் வளர்ச்சி உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 2024-இல் இவ்வாறு எழுதப்பட்டது மொத்தத்தில் 13 சதவீதம். அகதிகளைக் காப்பது அறம்தான். ஆனால், பெர்லினிலும் லண்டனிலும் செலவான பணத்தை மலாவிக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது அறமாகாது. கடன்களைப் பொறுத்தவரை, 2018 முதல் கடன் தொகை முழுவதையும் அல்லாமல் அதில் உள்ள சலுகைப் பகுதியை மட்டுமே உதவியாகக் கணக்கிடும் முறை வந்திருப்பது வரவேற்கத்தக்க திருத்தம்.

உதவியே ஏழை நாடுகளைச் சோம்பேறிகளாக்குகிறது, ஊழலை வளர்க்கிறது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அரசு தன் மக்களிடம் வரி வசூலிக்காமல் வெளிநாட்டுப் பணத்தில் நடந்தால், அது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையை மறந்துவிடும். ஆனால், உதவியைத் திடீரென நிறுத்துவது அந்த நோய்க்கு மருந்தல்ல. 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஒரே உத்தரவில் வெளிநாட்டு உதவிகள் 90 நாள்களுக்கு முடக்கப்பட்டபோது, ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சேவை தடைபட்டது. அந்த நோயாளிகள் யாரும் சோம்பேறிகள் அல்லர். நோயாளியின் மாத்திரை, வேறொரு நாட்டின் தேர்தல் முடிவைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

இன்னொரு பக்கம், வெளிக்கடனின் வட்டிச் சுமை கழுத்தை நெரிக்கிறது. கல்வி அல்லது மருத்துவத்துக்குச் செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் வாழ்பவர்கள் 300 கோடிக்கும் அதிகம் என்று ஐ.நா. வணிக, வளர்ச்சி அமைப்பு கூறுகிறது. ஒரு கையால் உதவி பெற்று, மறு கையால் அதைவிட அதிகமாக வட்டி செலுத்தும் நாட்டுக்குக் கிடைப்பதை உதவி என்று எப்படி அழைப்பது? 2025 ஜூன் இறுதியில் ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சி நிதி பற்றிய ஐ.நா. மாநாடு கூடியபோது, உலகின் மிகப் பெரிய பொருளாதாரமான அமெரிக்கா அதில் பங்கேற்கவே இல்லை.

கொடுக்கும் இடத்தில் இந்தியா: இப்போது இந்தியா வாங்கும் கை மட்டுமல்ல, கொடுக்கும் கையும்கூட. 2003-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், சிறு நாடுகளிடமிருந்து இனி இருதரப்பு உதவி பெறுவதில்லை என்றும், கடும் கடன் சுமையில் உள்ள ஏழை நாடுகள் இந்தியாவுக்குத் தர வேண்டியதைத் தள்ளுபடி செய்வதாகவும் அறிவித்தார். 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கெனத் தனி நிர்வாகப் பிரிவு அமைக்கப்பட்டது. 2025-26 நிதியாண்டு மதிப்பீட்டில் பூடானுக்கு மட்டும் 2,150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியாக 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கடன் வசதி வழங்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கடன்களின் நிபந்தனை என்ன? பொதுவாக, கடன் தொகையில் 75 சதவீதத்துக்கான பொருள்களையும் சேவைகளையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும். ஒரு காலத்தில் பணக்கார நாடுகள் நம் மீது சுமத்தியபோது நாம் வெறுத்த அதே நிபந்தனை. சால்ட் லேக்கில் மண் நிரப்ப உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரும் உரிமை 1960-களின் மேற்கு வங்கத்துக்கு இருந்தது. இன்று இந்தியாவிடம் கடன் பெறும் ஆப்பிரிக்க நாட்டுக்கு அந்த உரிமை இல்லை.

இந்தியா நல்ல முன்மாதிரி காட்டிய இடங்களும் உண்டு. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்களுக்காக 2010-இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள் திட்டம் முழுக்க முழுக்கக் கொடை. வடக்கு, கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் வீதம், தவணை முறையில் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. வீட்டைக் கட்டிக்கொண்டவர் அந்தக் குடும்பத்தினரே. ஒப்பந்ததாரருக்கும் இடைத்தரகருக்கும் அதில் பெரிய வேலை இருக்கவில்லை. 2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதில் பெரும்பகுதி கடனும் தவணை ஒத்திவைப்பும். அதே நேரத்தில் தமிழக அரசு மத்திய அரசின் இசைவுடன் 123 கோடி ரூபாய் மதிப்பில் அரிசி, பால் பவுடர், மருந்து ஆகியவற்றைக் கப்பலேற்றியது. தொகையில் சிறியது, ஆனால், திருப்பிக் கேட்கப்படாதது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பசித்தவனுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, ஏழை நாடுகளின் மருந்துக்கும் உணவுக்குமான உதவியை ஆண்டுதோறும் பணக்கார நாடுகளின் கருணைக்கு விட்டுவைக்கக் கூடாது. விமானப் பயணச் சீட்டு மீது 2006-இல் பிரான்ஸ் விதித்த சிறு வரியின் ஒரு பகுதி, ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித்தரும் யுனிடெய்ட் அமைப்புக்குச் சென்றது. எந்த நாடாளுமன்றத்தின் ஆண்டு ஒதுக்கீட்டையும் எதிர்பார்க்காத இத்தகைய வரிகளே நிலையான ஊற்று. கப்பல் போக்குவரத்து, நிதிச் சந்தைப் பரிவர்த்தனை ஆகியவற்றுக்கும் இதை விரிவுபடுத்தலாம் என்ற யோசனையை இந்தியா உலக அரங்கில் முன்னெடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, இந்தியா பிற நாடுகளுக்கு வழங்கும் ஒவ்வொரு கடனின் வட்டி, தவணை, கொள்முதல் நிபந்தனை ஆகியவற்றை நாடாளுமன்றத்தின் முன் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். 75 சதவீத நிபந்தனையை, குறைந்தபட்சம் மிக ஏழை நாடுகளுக்காவது தளர்த்த வேண்டும். வாங்கும் காலத்தில் எதைக் கேட்டோமோ, கொடுக்கும் காலத்தில் அதைக் கொடுப்பதே நேர்மை.

மூன்றாவதாக, உள்நாட்டில் வெளிக்கடன் பெற்று நடக்கும் ஒவ்வொரு பெரும் திட்டத்துக்கும், தொடக்க மதிப்பீடு, இறுதிச் செலவு, செலாவணி மாற்றத்தால் கூடும் சுமை, அதைத் தாங்குவது மத்திய அரசா, மாநிலமா என்ற விவரங்கள் ஓர் எளிய அறிக்கையாக மக்களுக்குக் கிடைக்க வேண்டும். கொல்கத்தா மெட்ரோவுக்கு மட்டுமல்ல, ஜப்பான் கடனில் உருவான சென்னை மெட்ரோவுக்கும் இது பொருந்தும். பயணச்சீட்டு வாங்குபவரும் வரி செலுத்துபவரும் கடன்பட்டவர்களே. கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

உதவி என்ற சொல்லுக்குள் கூலியும் கொடையும் கடனும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும் வரை, கொடுப்பவர் பெருமை பேசுவதும் வாங்குபவர் கூனிக் குறுகுவதும் தொடரும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கெழுதினால், பெருமை பேச இருப்பதும் கொஞ்சம்தான், குறுகிப்போக இருப்பதும் கொஞ்சம்தான் என்பது தெரிந்துவிடும். கொடைகள் சுருங்கிவரும் இந்நாளில், கடன் வாங்கிப் பாதி உலகத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் இந்தியாவுக்கு அந்தக் கணக்கை முதலில் எழுதிக்காட்டும் தகுதி இருக்கிறது. கடமையும் இருக்கிறது.